அப்பா அம்மா சண்டைக்கு நடுவில் பிள்ளை

தர்மபுரி மாவட்டத்திலிருந்து பெங்களூரு, திருப்பூர் என்று வேலைக்குப் போகும் குடும்பங்கள் ஏராளம். புருஷன், பெண்டாட்டி மனஸ்தாபம் முற்றினால் பிள்ளை பென்னாகரத்திலோ அரூரிலோ பாட்டி வீட்டுக்கு வந்துவிடுகிறது. அங்கே, "அப்பாகிட்ட ஸ்கூல் பீஸ் கட்டச் சொல்லு" என்று போனை அதன் கையில் திணிக்கிறார்கள். முதலில் இதை நிறுத்த வேண்டும். பணத்தையும் வழக்கையும் பெரியவர்களே பேசிக்கொள்ளட்டும். "அம்மா வேணுமா, அப்பா வேணுமா?" என்று உறவினர்கள் விளையாட்டுக்குக்கூடக் கேட்க வேண்டாம்.

வகுப்பு ஆசிரியரிடம் நிலைமையைச் சொல்லிவையுங்கள்.

அடி, உதை, மிரட்டல் இல்லாதவரை, பிரிந்திருப்பவரோடு குறித்த நேரத்தில் வீடியோ காலில் பேச விடுங்கள். இரு பெற்றோரின் அன்பும் குழந்தையின் உரிமை என்று 2020 ஜனவரியில் ராஜஸ்தான் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வீடியோ அழைப்பையும் வலியுறுத்தியது.

ஐந்து வயது நிரம்பாத பிள்ளை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது 1956ஆம் ஆண்டு இந்து மைனர், கார்டியன் சட்டம். ஆனாலும் நீதிபதி முதலில் பார்ப்பது பிள்ளையின் நலனைத்தான். வக்கீல் வைக்க வசதி இல்லையா? மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச உதவி உண்டு, எண் 15100. வீட்டில் பெண்ணுக்கு அடி விழுந்தால் 181, பிள்ளைக்கு ஆபத்தென்றால் 1098. தயங்காமல் கூப்பிடுங்கள்.