பாசிமணி சொல்லும் செய்தி

ஒரு கண்ணாடிப் பாசிமணி எவ்வாறு செய்யப்பட்டது? உருப்பெருக்கியால் பார்த்தால் அந்த மணியே விடை கூறும்.

பனிக்கட்டிக்கு உள்ளதுபோல் கண்ணாடிக்குத் திட்டமான உருகுநிலை இல்லை. சூடேற ஏற அது சிறிது சிறிதாக இளகிப் பாகுபோல் ஆகிறது. மணித் தொழிலுக்கு இப்பண்பே அடிப்படை.

1. இழுப்பு மணி: இளகிய கண்ணாடித் திரளில் துளையிட்டு, மெல்லிய குழலாக இழுப்பார்கள். குழலோடு துளையும் சிறுக்குமே தவிர மூடிக்கொள்வதில்லை. குழலைத் துண்டுகளாக நறுக்கி மீண்டும் சூடாக்கினால், பரப்பு இழுவிசையால் கூரிய விளிம்புகள் மழுங்கிவிடும். உள்ளே சிக்கிய காற்றுக் குமிழிகள் நீண்டு, துளைக்கு இணையாகக் கிடக்கும்.

2. சுற்று மணி: இளகிய கண்ணாடியை உலோகக் கம்பியின்மீது சுற்றிச் செய்வது. இதில் வரிகள் துளையைச் சுற்றி ஓடும்.

3. அச்சு மணி: அச்சில் அழுத்திச் செய்வது. அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு தெரியலாம்.

புதுச்சேரிக்கு அருகில், 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்த அரிக்கமேட்டில் இழுப்பு மணிகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. உடன் கிடைத்த குழல் துண்டுகளும் கழிவுகளும், மணிகள் அங்கேயே செய்யப்பட்டன என்பதற்குச் சான்றாகும். வெளியூரிலிருந்து வந்த சரக்கானால் கழிவு எதற்கு வரும்?

உங்கள் வீட்டுப் பாசிமணியில் குமிழி எத்திசையில் நீண்டிருக்கிறது? பாருங்கள்!