வீசிங் பிள்ளைக்கு இன்ஹேலர்: சில குறிப்புகள்

லாரிப் புழுதியும் எரியும் குப்பையும் எங்கள் தண்டலம் பக்கத்தில் தினப்படி சங்கதி. வீசிங்கைக் கிளப்பும் போகிப் புகை, கொசுவத்தி, சாம்பிராணியையாவது வீட்டில் தவிர்க்கலாம்.

“இன்ஹேலர் பழகிவிடும், சிரப் போதும்” என்பது வீண் பயம். சால்பியூட்டமால் சிரப் 5 மி.லி.யில் 2 மி.கி. மருந்து. இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் 100 மைக்ரோகிராம்தான், அதாவது இருபதில் ஒரு பங்கு. அதுவும் நேரே நுரையீரலுக்கு.

குழந்தைக்கு ஸ்பேசர் (இன்ஹேலரில் பொருத்தும் குழாய்) கட்டாயம். சின்னக் குழந்தைக்கு முகமூடியும் சேர்த்து. குலுக்கி, ஒருமுறை மட்டும் அழுத்தி, ஐந்தாறு மூச்சு விடச் சொல்லுங்கள். அடுத்ததற்கு அரை நிமிடம் பொறுத்து மறுபடி குலுக்க வேண்டும். அழும்போது கொடுத்தால் பாதி வீண். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசித் தானாக உலர விடுங்கள். துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

தினசரித் தடுப்பு இன்ஹேலரை இருமல் நின்றதும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அப்பா, அம்மா இருவருக்கும் ஷிப்ட் வேலையா? பல் தேய்ப்பதற்கு முன் என்று வைத்துக்கொண்டால் பாட்டிகூடக் கொடுத்துவிடுவார், வாயும் கொப்பளித்தாகிவிடும்.

இரவில் இருமி விழிக்கிறதா, ஓடியாட முடிகிறதா, நிவாரண இன்ஹேலர் (சால்பியூட்டமால்) வாரம் எத்தனை நாள் தேவைப்பட்டது: கடந்த நான்கு வாரக் கணக்கை மருத்துவர் கேட்பார், காலண்டரில் குறித்து வையுங்கள். போகும்போது இன்ஹேலர், ஸ்பேசர் இரண்டையும் எடுத்துப்போய் அவர் முன்னால் செய்து காட்டுங்கள்.

விலா உள்ளே இழுத்தாலோ, பேச்சு திணறினாலோ, உதடு நீலமானாலோ உடனே 108. வண்டி வரும்வரை நிவாரண மருந்தைக் கொடுத்துக்கொண்டிருங்கள்.