ஒன்றைப் படிக்கப் போய் இன்னொன்று



எஸ்.பி.எம். வரலாற்றுத் தேர்வுக்காக மலாக்காவைப் பத்திப் படிக்க உட்காருறீங்க. நடுவில் கப்பலைப் பத்தி ஒரு வரி வருது. கப்பல் எப்படிப் போச்சுன்னு தேடுறீங்க. அது பருவக்காற்றில் கொண்டுபோய் விடுது. ஒரு மணி நேரம் போனதே தெரியலை. "பாடத்தை விட்டுட்டு என்ன பார்த்துக்கிட்டு இருக்கே?" என்று அம்மா கேட்கிறாங்க. நமக்கும் மனசு உறுத்துது.

இது கவனச் சிதறலா? இல்லை, புதிய ஆர்வம் ஒன்று பிறக்கிற நேரமா? இந்த மாதப் பாடம் இதுதான்.

கும்பகோணத்தில் ஒரு கேள்வி

1880 அக்டோபர் 21. உ.வே.சாமிநாதையருக்கு வயது 25. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் என்று இவர் அடுக்கினார். முதலியார் அசரவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். இவர் படித்ததில்லை.

நம்மில் பலர் அங்கேயே கோபித்துக்கொண்டு வந்திருப்போம். உ.வே.சா. முதலியாரிடம் இருந்த பிரதியை வாங்கி வந்து படிக்க உட்கார்ந்தார். பாடம் சொல்ல ஆள் இல்லை. அவருடைய குரு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இலேயே காலமாகிவிட்டார்.

சொல் புரிந்தது, பொருள் பிடிபடவில்லை. காரணம், சிந்தாமணி ஒரு சமண காப்பியம். இவரோ திருவாவடுதுறை மடத்தோடு ஒட்டி வளர்ந்தவர். அதனால் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போனார். காலேஜ் வாத்தியார் என்ற கௌரவம் பார்க்காமல், உட்கார்ந்து சந்தேகம் கேட்டார். தன் சமயத்தை விடவும் இல்லை, அவர்கள் சமயத்தைத் தாழ்வாக நினைக்கவும் இல்லை.

அங்கிருந்து வழி கிளை விட்டது. ஏட்டுக்கு ஏடு பாடம் மாறியதால் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையைக் கற்றார். உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பெயர் சொல்லாமல் எடுத்துக்காட்டிய வரிகள் எந்த நூலில் உள்ளவை என்று தேடப் போய், சங்க நூல்களைக் கண்டார். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு. 1898இல் மணிமேகலை, அதற்காகப் பௌத்தமும் படித்தார்.

நம்ம வாசல் வரைக்கும்

அந்தப் பத்துப்பாட்டில் ஒன்று பட்டினப்பாலை. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பொருள்களைச் சொல்லும்போது 'காழகம்' என்று ஓர் இடம் வருகிறது. அது கடாரம் என்கிறார் நச்சினார்க்கினியர். கடாரம் நம்ம கெடாதான் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. நீரிணைக்கு அந்தப் பக்கம் வடக்கே தெரியுதே குனோங் ஜெராய், அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு. பழைய கோவிலின் கல் அடித்தளத்தை இன்றைக்கும் மெர்போக் அருங்காட்சியகத்தின் பக்கத்தில் பார்க்கலாம். கும்பகோணத்தில் ஒருவர் சிந்தாமணி படிக்கப் போன வழி, பினாங்குப் பிள்ளைகளின் வாசல் வரைக்கும் வந்திருக்கு!

எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

அப்படியானால் மனசு போன பக்கமெல்லாம் போகலாமா? கூடாது. மூன்று கேள்வி கேட்டுப் பாருங்க.

1. இந்தக் கிளை வழி என்னைப் பழைய பாடத்துக்குத் திருப்பிக் கொண்டு வருதா? உ.வே.சா. சமணம் படித்தது சிந்தாமணிச் செய்யுளுக்குப் பொருள் காண. ஒவ்வொரு முறையும் செய்யுளுக்குத் திரும்பி வந்தார்.

2. இதில் எனக்கு வேலை இருக்கா? எழுதுறேனா, ஒப்பிடுறேனா, இல்லை விரலால் திரையைத் தள்ளிக்கிட்டே இருக்கேனா?

3. தெரிஞ்ச ஒருத்தரிடம் போய்க் கேட்கணும்னு தோணுதா? உண்மையான ஆர்வம் நம்மை வீட்டைவிட்டு வெளியே அனுப்பும்.

மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் அது சிதறல் இல்லை. ஆனாலும் ஒன்றை மறக்காதீங்க. இத்தனை நூல்களையும் பதிப்பித்த காலத்தில் உ.வே.சா. கல்லூரி வேலையை விடவில்லை. வகுப்புக்குப் போய்ப் பாடம் சொன்னார். மிச்ச நேரத்தில் ஏடு பார்த்தார். நமக்கும் அதுதான் வழி. தேர்வு நேரத்தில் புதுக் கேள்வி வந்தால், நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவிட்டுப் பாடத்துக்குத் திரும்புங்க. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் அந்தப் பக்கத்துக்கு.

செய்து பாருங்க

1833இல் எழுந்தது நம்ம குவின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோவில். எத்தனையோ தடவை போயிருக்கீங்க. இந்த வாரம் போகும்போது கோபுரத்தை நின்று பாருங்க. உங்களால் பெயர் சொல்ல முடியாத ஒரு உருவத்தைத் தேர்ந்தெடுத்து, நோட்டில் எழுதுங்க. குருக்களிடமோ பெரியவர்களிடமோ கேளுங்க. அவர்கள் சொல்கிற பதிலில் தெரியாத ஒரு சொல் இருக்கும். அதையும் எழுதுங்க.

அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டோடு வாங்க. யாருடைய கேள்வி எங்கே கொண்டுபோய் விட்டதுன்னு சேர்ந்து பேசுவோம்.