சமச்சீர் எல்லை நிபந்தனைகளும் பெரும் உருமாற்றமும்

ஹைதராபாத்தில் 1971-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற அணு எரிபொருள் வளாகத்தில் கனநீர் உலைகளுக்கான எரிபொருள் கோல்கள் உருவாகின்றன. யுரேனிய வில்லைகளை மூடும் சிர்க்கோனியக் கலவைக் குழாயின் சுவர் ஏறத்தாழ 0.4 மி.மீ. தடிப்பே உடையது. உலையில் கனநீரின் அழுத்தம் அச்சுவரை வில்லைகளின்மேல் படியச் செய்கிறது.

இத்தகைய குழாயை முடிவுறு கூறு முறையில், அதாவது சிறு சிறு கூறுகளாகப் பகுத்து, ஆராய்வோர் வட்டத்தின் கால் பங்கை மட்டும் எடுத்துக்கொள்வதுண்டு. ஏனைய பகுதிகள் அதன் கண்ணாடிப் பிம்பங்களாகக் கருதப்படும். வெட்டு விளிம்பிலுள்ள புள்ளிகள் தத்தம் தளத்தில் வழுக்கலாம்; தளத்திற்குச் செங்குத்தாக நகர்தலும், சுவர் அங்கே சாய்தலும் கூடா. உருமாற்றம் எத்துணைப் பெரிதாயினும் அத்தளம் தொடக்கத்தில் நின்ற இடத்திலேயே நிற்கும், பொருளோடு திரும்பாது. இதுவரை எளிது.

தொல்லை வேறிடத்தில் உள்ளது. குழாய்க்கும் வில்லைக்கும் விட்டத்தில் 0.1 மி.மீ. வேறுபாடு எனக் கொள்வோம். குழாய் படியும்போது சுற்றளவில் ஏறத்தாழ 0.31 மி.மீ. மிகுதியாகும். சுவர் சுருங்கி ஏற்காத மிகுதி, நீளவாக்கில் ஒரே மடிப்பாக எழக்கூடும். கால் பங்குக் கணக்கிலோ ஒற்றை மடிப்புக்கு இடமேயில்லை. தளத்தின்மேல் எழுந்தால் எதிர்ப்புறத்திலும் ஒன்று தோன்றும். தளத்தை விட்டு விலகி எழுந்தால் நான்கு! மிகுதி பலவாகப் பங்கிடப்படுவதால் ஒவ்வொரு மடிப்பும் தாழ்வாகத் தோன்றும். குழாய் உண்மையினும் வலியதெனக் கணக்கு கூறும்.

ஒரு தளத்தால் வெட்டிய அரை வட்டம், மடிப்பு அத்தளத்தின்மேல் அமைந்தால் மட்டுமே ஒற்றை மடிப்பைக் காட்டும். ஐயமிருப்பின் முழு வட்டமே தக்கது. அதிலும் குறையற்ற வட்டம் கணக்கில் மடியாமலே இருந்துவிடக்கூடும்; ஆதலின் சுவரின் ஓரிடத்தை நூலிழையளவு மெலிதாக்கியே தொடங்குவர்.