சித்தப்பாவின் இன்பாக்ஸ்

சித்தப்பாவின் கம்ப்யூட்டர் தவழ ஆரம்பித்ததும், கடையில் கொடுத்து எஸ்எஸ்டி மாட்டி விண்டோஸைப் புதிதாக ஏற்றி வாங்கி வந்தார். டாகுமென்ட்ஸ், டெஸ்க்டாப், போட்டோ எல்லாம் வந்துவிட்டன. மெயில் பார்க்கும் தண்டர்பேர்டைத் திறந்தால், புதுக் கணக்கு தொடங்கச் சொல்கிறது. பத்து வருட மெயில் காணோம். பாப் முறையில் இறக்கியதும் சர்வரிலிருந்து நீக்கும்படி வைத்திருந்தவர் என்பதால் அங்கேயும் எதுவும் மிச்சமில்லை.

"எல்லாத்தையும் காப்பி பண்ணிட்டேன்னு அந்தக் கடைப் பையன் சொன்னானேப்பா!"

பொய்யில்லை. கண்ணுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் பண்ணியிருந்தான். மெயில் இருந்ததோ ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டரில்.

நல்லவேளை, பழைய ஹார்டு டிஸ்க் கையில் இருந்தது. யுஎஸ்பியில் செருகி, பழக்கதோஷத்தில் %ஆப்டேட்டா% என்று ஆங்கிலத்தில் அடித்தேன். திறந்த இடத்தில் தண்டர்பேர்டு ஃபோல்டரும் இருந்தது. உள்ளே மெயிலே இல்லை. அந்தக் குறுக்குவழி இப்போது ஓடும் விண்டோஸுக்குள்தான் போகும், செருகிய டிஸ்க்குக்குப் போகாது என்பது உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. பழைய டிஸ்க்கில் நடந்தே போக வேண்டும்: வியூ மெனுவில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' டிக் செய்து, யூசர்ஸ், அவர் பெயர், ஆப்டேட்டா. அனுமதி இல்லை என்று மறிக்கும். 'கன்டின்யூ' அழுத்திவிட்டுக் காத்திருக்கலாம்.

நான் அவசரப்பட்டு, சிஸ்டம் ஃபைல்களையும் காட்டும்படி மாற்றிவிட்டேன். 'அப்ளிகேஷன் டேட்டா' என்று ஒன்று முளைத்தது. எத்தனை முறை தட்டினாலும் திறக்கவில்லை. எக்ஸ்பி காலத்து புரோகிராம்களுக்காக, விஸ்டாவிலிருந்து வைத்திருக்கும் வெறும் கைகாட்டிப் பலகை அது. அரை மணி நேரம் போச்சு.

ஆப்டேட்டாவுக்குள் லோக்கல், லோக்கல்லோ, ரோமிங் என்று மூன்று. தண்டர்பேர்டு என்ற பெயர் லோக்கலிலும் இருக்கும், ரோமிங்கிலும் இருக்கும். லோக்கலில் கிடப்பது தற்காலிகக் குப்பை, சரக்கு ரோமிங்கில். ஃபயர்பாக்ஸும் அப்படித்தான். குரோம் நேரெதிர்: புக்மார்க் உட்பட எல்லாம் லோக்கலில். ஆகவே ஒன்றில் தேடிவிட்டு இல்லை என்று கைவிடாதீர்கள்.

புரொஃபைல் ஃபோல்டரின் பெயர் கிறுக்கினாற்போல எட்டு எழுத்தில் தொடங்கும். அதற்குள் 'மெயில்', அதற்குள் மெயில் சர்வரின் பெயரில் ஒரு ஃபோல்டர், அதில் இன்பாக்ஸ் என்று இரண்டு ஃபைல். எம்எஸ்எஃப் என்று முடிவது அட்டவணை மட்டுமே, தொலைந்தாலும் தானே மறுபடி உருவாகும். வாலில்லாத இன்பாக்ஸ்தான் கடிதங்கள். ஜிபி கணக்கில் கனத்தது அதுதான்.

தண்டர்பேர்டை மூடிவிட்டு, பழைய ரோமிங்கில் இருந்த தண்டர்பேர்டு ஃபோல்டரை அப்படியே புதியதன் இடத்தில் வைத்தேன். மெயில், முகவரிகள், சேமித்த பாஸ்வேர்டு சகலமும் வந்தன. பாஸ்வேர்டும் வருகிறது என்பதால் இந்தக் காப்பியைக் கண்ட பென்டிரைவில் போட்டு ஊர் சுற்ற விடக்கூடாது.

"அந்த ஃபோல்டரைத் தூக்கி டெஸ்க்டாப்ல வச்சிடேன், அடுத்த தடவை பையன் கண்ணுல படும்" என்றார் சித்தப்பா. இடம் மாற்றினால் தண்டர்பேர்டு தேடித் தவிக்கும் என்று சொல்லி, ஷார்ட்கட் மட்டும் வைத்துக் கொடுத்தேன். அதற்கு அவர் வைத்த பெயர்: 'அழிக்காதே'.