நாய்ச் சோற்றில் விட்டுப்போகும் சுண்ணாம்புச் சத்து

காசிமேட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் வீட்டு நாய்க்கு மீனும் கறியும் குறைவில்லாமல் கிடைக்கிறது. ஆனாலும் ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் ‘நல்லாத்தான் சாப்பிடுது, கால்ல வலுவே இல்ல’ என்று சொல்பவர்களைப் பார்க்கிறேன். வயிறு நிறைந்தால் சத்தும் சேர்ந்துவிடும் என்று நம்பிவிடுகிறோம். வீட்டில் சமைத்துப் போடுபவர்கள் இப்படிச் செய்யுங்கள்.

1. அளவு
20 கிலோ எடையுள்ள, வீட்டோடு இருக்கும் வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 900 கலோரி வேண்டும். வெந்த சோறு 300 கிராம், மீன் அல்லது எலும்பில்லாக் கோழி 250 கிராம், அவித்த முட்டை ஒன்று, பூசணி அல்லது கேரட் 100 கிராம், எண்ணெய் ஒரு டீஸ்பூன். இதை இரண்டு வேளையாகப் பிரித்து வையுங்கள். தடவினால் விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், துருத்திக்கொண்டு தெரியக் கூடாது.

2. சுண்ணாம்புச் சத்து
எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான். 100 கிராம் கோழிக்கறியில் பாஸ்பரஸ் 200 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். கால்சியம் 10, 15தான் தேறும். நாய்க்கோ பாஸ்பரஸை விடக் கால்சியம் குறையவே கூடாது. குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து உருவிக்கொள்ளும். கறி கூடக்கூட எலும்பு இளைப்பது இதனால்தான்.

‘பால் ஊத்துறேனே’ என்பார்கள். இந்த நாய்க்கு வேண்டிய ஒரு கிராம் கால்சியம் பாலில் கிடைக்க முக்கால் லிட்டருக்கு மேல் ஊற்ற வேண்டும், பேதிதான் மிஞ்சும். ‘எலும்பு போடுறேனே’ என்பார்கள். வெந்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும். வேண்டவே வேண்டாம்.

முட்டை ஓடு போதும். அவித்த முட்டையின் ஓட்டைக் கழுவி, வெறும் வாணலியில் ஈரம் போக வறுத்து, மிக்சியில் மாவாக அரையுங்கள். எண்ணூர்ப் பக்கம் மொட்டை மாடியில் காயவைக்காதீர்கள்; அனல்மின் நிலையச் சாம்பல் படியும். விரலில் தேய்த்தால் நறநறவென்று இருக்கக் கூடாது. கோழிச் சோற்றுக்கு நாளொன்றுக்கு அரை டீஸ்பூன். நன்மைதானே என்று அள்ளிப் போடாதீர்கள்.

இன்னொரு வழி நெத்திலி. தலை, குடல் நீக்கி, நடுமுள்ளோடு குக்கரில் வைத்து, விசில் வந்ததும் தீயைத் தணித்து 20 நிமிடம் விடுங்கள். முள்ளை இரு விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும். ஆகாவிட்டால் மறுபடி ஏற்றுங்கள். அன்றைக்கு ஓட்டுப் பொடி கால் டீஸ்பூன் போதும்.

3. மீன்
பச்சையாகப் போடாதீர்கள். கவலை, நெத்திலி போன்றவற்றில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி உண்டு. வெந்தால் அது போய்விடும். கடல் மீனே வாங்குங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் பரவிய எண்ணூர்க் கழிமுகத்து மீன் என் தட்டுக்கும் வேண்டாம், நாய்த் தட்டுக்கும் வேண்டாம். கருவாட்டில் உப்பு அதிகம்.

4. விலக்க வேண்டியவை
வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட். மிச்ச மீன் குழம்பும் பிரியாணியும் இதில் சேர்த்தி. ஈரல் வாரம் ஓரிரு துண்டு போதும்.

5. மீதிச் சத்து
துத்தநாகம், அயோடின், வைட்டமின் இ ஆகியவை இந்தச் சோற்றில் போதுமான அளவு வராது. அதற்கான மருந்தைக் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். முழுச் சமச்சீர் உணவு என்று அச்சிட்ட பாக்கெட் தீனி மட்டும் போடுபவர்கள் கால்சியம் எதுவும் சேர்க்கக் கூடாது.

குட்டிகளுக்கும் சினை நாய்க்கும் இந்தக் கணக்கு செல்லாது. லாப்ரடார் போன்ற பெரிய இனக் குட்டிக்குக் கால்சியம் கூடினாலும் எலும்பு கெடும். ஒரு வாரம் என்னென்ன போட்டீர்கள் என்று தாளில் எழுதிக்கொண்டு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். கால் தள்ளாடும் வரை காத்திருக்காதீர்கள்.