ஐயமும் தெளிவும்

சென்னைக் கடற்கரையினின்று தாம்பரம் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையின் அருகே, ஏறத்தாழ 300 அடி உயரமுள்ள குன்று ஒன்று உள்ளது. அதனைப் பரங்கிமலை என்பர். இயேசுபெருமானின் சீடருள் ஒருவராகிய தோமையார், கி.பி. 72ஆம் ஆண்டில் இக்குன்றின்மீது ஈட்டியால் குத்துண்டு உயிர்நீத்தார் என்று கிறித்தவர் வழிவழியாகக் கூறுவர். போர்த்துக்கீசியர் 1523இல் எழுப்பிய தேவாலயம் அதன் உச்சியில் விளங்குகின்றது.

இத்தோமையாரை ‘ஐயுற்ற தோமா’ என்றும் கூறுவதுண்டு. அதன் காரணத்தை யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தால் அறியலாம். சிலுவையில் இறந்த இயேசு உயிர்த்தெழுந்து சீடர்க்குக் காட்சியளித்தபோது தோமா அங்கு இல்லை. பிறர் கூறக் கேட்ட அவர், ஆணி பாய்ந்த கைகளையும் ஈட்டி பாய்ந்த விலாவையும் தொட்டுப் பார்த்தாலன்றி நம்பேன் என்றார். எட்டு நாள் கழித்துப் பெருமான் மீண்டும் தோன்றி, தொட்டுப் பார்க்குமாறு அவரை அழைத்தார்.

இவ்வற்புதத்தை இத்தாலிய ஓவியர் கரவாஜியோ, 1601, 1602ஆம் ஆண்டுகளையொட்டிக் கித்தானில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டினார். 107 செ.மீ. உயரமும் 146 செ.மீ. அகலமும் உடைய அவ்வோவியம், செருமனி நாட்டுப் போட்சுதாம் நகரில், சான்சூசி ஓவியக்கூடத்திற்கு உரியது.

ஓவியத்தின் பின்புலம் முழுவதும் இருள். நால்வர் தலைகள் நெருங்கியுள்ளன. இடப்புறத்தினின்று வரும் ஒளி, இயேசுவின் மார்பிலும் தோமாவின் நெற்றிச் சுருக்கங்களிலும் படிகின்றது. எவர் தலையைச் சுற்றியும் ஒளிவட்டம் இல்லை. தோமாவின் உடை தோளருகே தையல் விட்டிருக்கின்றது. உழைத்துக் காய்த்த ஏழை மீனவர் போன்றே சீடர் மூவரும் தோன்றுகின்றனர். தோமாவின் விரல் விலாப்புண்ணினுள் நுழைகின்றது. அக்கையைப் பற்றி வழிகாட்டுவது யார் கை? பெருமானின் கையே! அவர் முகத்தில் சினக்குறி சிறிதும் இல்லை.

தோமா தொட்டார் என்று நற்செய்தி கூறவில்லை. பெருமானை இறைவன் எனப் போற்றிப் பணிந்தார் என்றே கூறுகின்றது. காணாது நம்புவோரின் பேற்றையும் பெருமான் அப்போது எடுத்துரைத்தார். நூல் கூறாது விட்ட இடத்தை ஓவியர் தம் கருத்தால் நிரப்பினார். ஐயுற்றவனை விலக்காது, அவன் கையைப் பற்றி உண்மையின் அருகே கொண்டு செல்வதே அருள் என்பது அக்கருத்தாகும்.

மாணவர்களே! பிறரை இகழ்வதற்காக வினவுதல் வேறு. மெய்யை அறிய வினவுதல் வேறு. தோமாவின் வினா இரண்டாம் வகையினது. தெளிந்தபின் அவர் பின்வாங்கவில்லை. விலாப்புண்ணைக் காண விழைந்த அவரே ஈட்டிக்கு இரையானார் என்னும் செய்தியைப் பரங்கிமலை இன்றும் நினைவூட்டுகின்றது. ஐயம் எழுந்தால் அஞ்சாது வினவுக. தெளிவு பிறந்தால் அதன்வழி உறுதியாக நிற்க.